டிக்கெட் வெட்டும் நேரம்: நோயாளிக்கு விளங்கியதை உறுதிசெய்ய எந்த வழி?

மத்தியானம் 12 மணி. மருத்துவ வாட்டில் டொக்டர்மார் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டார்கள். எட்டுப் பேருக்கு டிக்கெட் வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாயிற்று. வெளியே ஒருவருக்கு ஆட்டோ காத்து நிற்கிறது, இன்னொருவர் படுவான்கரைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறார். நேர்ஸ் கையில் மருந்து உறைகள், கிளினிக் கொப்பி, ஆங்கிலத்தில் எழுதிய டயக்னோசிஸ் கார்ட். எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்து, “விளங்கினதா?” என்று கேட்கிறார். “ஓம் மிஸ்” என்று பதில் வருகிறது.

அந்த “ஓம்” எதையும் காட்டாது. மரியாதைக்கும் ஓம், அவசரத்துக்கும் ஓம், விளங்காததை வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும் ஓம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாட்டையோ கிளினிக்கையோ நடத்தும் தாதியர், அந்தக் கேள்விக்குப் பதிலாக எதை வைக்கலாம்? ஐந்து வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய ஆளும் நேரமும் எந்த வாட்டிலும் கிடையாது. எனவே எதை முதலில் எடுப்பது, எதை எந்த நோயாளிக்கு வைப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

அதற்கு முன், முடிவையே பிழையாக்கிவிடும் ஒரு விளக்கக் குறைவைப் பார்த்துவிடலாம். ‘சுகாதார எழுத்தறிவு’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் வாசிக்கத் தெரிவதை நினைக்கிறார்கள். “ஓ.எல். படித்தவர்தானே, விளங்கும்” என்ற தீர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. இலங்கையின் எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல். வாசிப்பு மட்டுமே விஷயமென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உடல்நலத் தகவலைத் தேடி எடுக்கவும், விளங்கிக்கொள்ளவும், நம்பலாமா என்று எடைபோடவும், வீட்டு நிலைமைக்கு ஏற்றபடி பயன்படுத்தவும் முடிகிறதா என்பதுதான் கேள்வி. பொதுச் சுகாதார அறிஞர் டொன் நட்பீம் 2000ஆம் ஆண்டில் இதை மூன்று படிகளாகப் பிரித்தார்: சொன்னதை விளங்கிச் செய்வது, கேள்வி கேட்டுத் தன் நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது, தகவலையே விமர்சனத்தோடு பார்த்து முடிவெடுப்பது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்திரிகையை வரிக்கு வரி வாசிப்பார். நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைத்தபின் எந்தக் குளிசையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்பது அவருக்கும் புதுப் பாடம்தான். வலி, பயம், நித்திரையின்மை மூன்றும் சேர்ந்தால் படித்தவருக்கும் காது அடைக்கும்.

முகத்தைப் பார்த்து மட்டுக்கட்டுவது எவ்வளவு தவறும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் செய்து 2013இல் வெளியான ஆய்வில், தாதியர் நோயாளிகளின் சுகாதார எழுத்தறிவைக் குறைத்து மதிப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் கூட்டி மதிப்பிட்டது ஆறு தடவை. கேட்டது எவ்வளவு மனதில் நிற்கிறது என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான கட்டுரை, மருத்துவத் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது என்கிறது. நினைவில் நிற்பதிலும் பாதிக்குக் கிட்டப் பிழையாகவே நிற்கிறது.

அளந்து பார்த்துப் பேசுவது

முதல் வழி, ஒவ்வொரு நோயாளியின் சுகாதார எழுத்தறிவையும் ஒரு வினாக்கொத்தால் அளந்துவிட்டு, குறைந்தவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் இதுதான் ஐந்திலும் பலவீனமானது.

உலகில் பரவலான கருவிகளில் ஒன்று 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் குறைவு. சொல்லைத் தெரியாதவர் அதைச் சரியாக உச்சரிக்க மாட்டார், அதனால் அங்கே அந்தச் சோதனைக்கு அர்த்தமுண்டு. தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளையே ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று பிசகில்லாமல் வாசித்துவிடும். அதைத் தமிழாக்கினால் அளப்பது வாய்ப்பழக்கத்தைத்தான். 2005இல் வந்த இன்னொரு கருவி ஐஸ்கிரீம் பெட்டியின் போசணை லேபிளைக் காட்டி ஆறு கேள்வி கேட்கும், ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுக்கும். இது விளக்கத்தை அளக்கிறது, கணக்கையும் அளக்கிறது. ஆனால் சோற்றைக் கோப்பையால் அளந்து ஆக்கும் வீட்டாருக்கு அந்த லேபிள் அந்நியம். “மருந்துத் தாளை வாசிக்க எவ்வளவு அடிக்கடி ஆள் உதவி தேவைப்படுகிறது?” என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் கொஞ்சம் பயன் தரும். அதையும் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி கேட்டால் உண்மை வராது.

இதற்குச் செலவிடும் மூன்று நிமிடமும் அளவிடவே போகிறது, நோயாளிக்கு ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. ‘குறைந்தவர்’ என்ற முத்திரை வேறு விழுகிறது. தாதியர் கல்லூரியிலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்பவர்கள் கருவிகளை எடுக்கட்டும், தமிழாக்கி, மீள மொழிபெயர்த்து, இங்குள்ளவர்களிடம் சோதித்து எடுக்கட்டும். வாட்டில், எல்லாருக்குமே விளங்காமலிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு எல்லாரோடும் தெளிவாகப் பேசுவதே மலிவானது, பத்திரமானது. எல்லா இரத்தத்துக்கும் கையுறை போடுகிறோமே, அதே நியாயம்.

துண்டுப்பிரசுரம்

இரண்டாவது வழி அச்சிட்ட தாள். இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: வீட்டுக்குப் போகும். மகள் வாசிப்பாள், அயலில் உள்ளவர் வாசிப்பார். டெங்கு போன்ற வருத்தங்களில் இரவு 11 மணிக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அந்தத் தாள்தான்.

கெடுவது மொழியில். கொழும்பில் எழுதிச் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ தமிழுக்கு வந்த தாள்களில் “உணவு வேளைகளுக்கு முன்னதாக உட்கொள்ளவும்” என்றிருக்கும். இங்கே யாரும் குளிசையை ‘உட்கொள்வதில்லை’, போடுகிறார்கள் அல்லது குடிக்கிறார்கள். ‘சோற்றுக்கு முதல், அரை மணித்தியாலம் இருக்க’ என்று எழுதினால் போதும். ‘நீரிழிவு’ என்று தலைப்பிட்டுவிட்டுக் கிளினிக்கில் ‘சீனி’ என்று பேசினால், இரண்டும் ஒரே வருத்தம் என்று தெரியாமல் தாளை மடித்து வைப்பவர்கள் உண்டு. ‘பொசிட்டிவ்’ என்றால் நல்ல சேதி என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படியான சொற்களைப் பேச்சிலும் தாளிலும் ஒருசேர மாற்ற வேண்டும்.

ஒரு தாளில் ஒரு வருத்தம், ஒரு பக்கம், செய்ய வேண்டிய விஷயம் மூன்று முதல் ஐந்து. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக்கூடாது, முதியவர்களுக்கு 16. தமிழ் எழுத்துகளின் சுழிகள் போட்டோக்கொப்பியில் அடைத்துக்கொள்ளும், ஆகவே தடித்த அலங்கார எழுத்து வேண்டாம். முதல் வரி, உடனே வர வேண்டிய அறிகுறி. நோயின் வரலாறும் உடற்கூற்றுப் படமும் தேவையில்லை. ஆங்கிலத்துக்கு இருப்பதுபோல வாசிப்புக் கடினத்தை எண்ணிச் சொல்லும் சூத்திரத்தைத் தமிழுக்கு நம்பிப் பயன்படுத்த முடியாது. தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீள்வதால் அசைக் கணக்குப் பொருந்தாது. கிளினிக் வரிசையில் இருக்கும் பத்துப் பேரிடம் தாளைக் கொடுத்து, “இதைப் பார்த்தா என்ன செய்வீங்க?” என்று கேட்பதுதான் சோதனை.

தாளை மட்டும் நீட்டிவிட்டு “இதில எல்லாம் இருக்கு” என்பது பேச்சை நிறுத்தும் வேலை. தாள் பேச்சுக்குத் துணை வரலாம், பேச்சின் இடத்தைப் பிடிக்கக்கூடாது. நேர்ஸ் ஒவ்வொரு வரியிலும் பேனையை வைத்துச் சொல்லி, அந்த நோயாளிக்குரிய வரியை வட்டமிட்டுக் கொடுத்தால்தான் அது அவருடைய தாளாகும்.

மருந்து உறையில் படம்

மூன்றாவது வழி, ‘பி.டி.’ (நாளுக்கு இரண்டு தரம்), ‘டி.டி.எஸ்.’ (மூன்று தரம்), ‘நொக்டே’ (இரவில்) என்று கிறுக்கும் உறையில் படம் போடுவது. வழக்கமாக நாலு கட்டம்: எழும் சூரியன், உச்சிச் சூரியன், படும் சூரியன், நிலா. கட்டத்துக்குள் எத்தனை குளிசை என்று வட்டம்.

இதில் உள்ளூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கரையில் சூரியன் கடலில் எழும்பி, வாவிக்கும் வயலுக்கும் அப்பால் படும். மேற்குக் கரையில் வரைந்த படத்தில் அலைமேல் சூரியன் இருந்தால் அது பின்னேரம். அதே படம் கல்முனையிலோ காத்தான்குடியிலோ விடியற்காலை. போட்டோக்கொப்பியில் எழும் சூரியனும் படும் சூரியனும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது அடுத்த தொல்லை. நேரத்தைச் சாப்பாட்டோடு கட்டுவது நிலையானது: காலைக்குத் தேத்தண்ணிக் கோப்பை, பகலுக்குச் சோற்றுக் கோப்பை, இரவுக்குப் பாய். முஸ்லிம் நோயாளிகளுக்குத் தொழுகை நேரம் மணிக்கூட்டைவிடத் துல்லியம். “சுபஹ் தொழுது தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஒண்டு, இஷாவுக்குப் பிறகு ஒண்டு” என்று கட்டிக்கொடுத்தால் தவறாது.

பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குப் படம் சரியாக விளங்க வேண்டும் என்பதற்கு உலகில் இரண்டு அளவுகோல்கள் பழக்கத்தில் உள்ளன: சர்வதேசத் தர நிறுவனத்தின் 67 சதவீதம், அமெரிக்கத் தரத்தின் 85 சதவீதம். மருந்துக்குக் கூடியதையே எடுங்கள். பத்துப் பேருக்குக் காட்டினால் ஒன்பது பேர் சரியாகச் சொல்ல வேண்டும். ஒருவராவது நேர் எதிராக விளங்கிக்கொண்டால் அந்தப் படம் வேண்டாம்.

நிறத்தை நம்பி எதையும் சொல்லாதீர்கள். “வெள்ளைக் குளிசை காலையில, ரோஸ் கலர் இரவுக்கு” என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த மாதம் வேறு கொம்பனியின் மருந்து வருகிறது, நிறம் மாறுகிறது. நோயாளி இரண்டையும் போடுகிறார், அல்லது ஒன்றையும் போடாமல் விடுகிறார். இரத்தம் கட்டிப்படாமலிருக்கக் கொடுக்கும் வோர்ஃபரின் போன்ற மருந்தில் இது இரத்தக்கசிவில் முடியும். நிறத்தைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் பழைய பட்டையை உறையில் ஒட்டி, “நிறம் மாறினா போடாம எங்களிட்ட கேளுங்க” என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படம் ‘எத்தனை, எப்போது’ என்பதற்குச் சிறந்தது. ‘ஏன்’ என்பதற்கும் ‘எப்போது நிறுத்துவது’ என்பதற்கும் படத்தால் பதில் சொல்ல முடியாது.

திருப்பிச் சொல்லவும் செய்துகாட்டவும் வைப்பது

நாலாவது வழியில்தான் உண்மையான பலன் இருக்கிறது, கூடுதலாகப் பிழைபோவதும் இதில்தான். சொன்னதை நோயாளி தன் வாயால், தன் சொல்லில் சொல்ல வேண்டும், அல்லது கையால் செய்துகாட்ட வேண்டும். பிழைத்தால் நேர்ஸ் வேறு விதமாக விளக்கி மறுபடி கேட்பார். 2003இல் அமெரிக்காவில் நீரிழிவு நோயாளிகளுடனான உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, மருத்துவர்கள் சொன்ன புதிய விஷயங்களில் 12 சதவீதத்தை மட்டுமே இப்படிச் சரிபார்த்திருந்தார்கள். சரிபார்க்கப்பட்ட நோயாளிகளிடையே சீனிக் கட்டுப்பாடு நல்லபடி இருந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் எது விளங்கவில்லை என்பதை நோயாளி வாட்டை விட்டுப் போகுமுன்பே காட்டித் தருவது ஐந்தில் இது ஒன்றுதான்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றால் அது பள்ளிக்கூடச் சோதனை. அறுபது வயது மனிசியை நாலு பேர் முன்னால் பரீட்சைக்கு இருத்தினால் அடுத்தமுறை அவர் கிளினிக்குக்கே வரமாட்டார். பொறுப்பு நேர்ஸின் தோளில் இருக்க வேண்டும்:

“அம்மா, நான் நிறைய விசயம் கடகடவெண்டு சொல்லிட்டன். சரியாச் சொன்னனா எண்டு பாக்கணும். வீட்ட போனதும் மகள் கேப்பா, என்ன சொன்னாங்க எண்டு. அவவுக்கு இந்தக் குளிசையப் பத்தி என்ன சொல்லுவீங்க?”

பதில் கிளிப்பிள்ளைப் பதிலாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், எழுத்தறிவு குறைந்தவர்களில் 70.7 சதவீதத்தினர் ‘இரண்டு குளிசை, நாளுக்கு இரண்டு தரம்’ என்பதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று எண்ணிக் காட்டியவர்கள் 34.7 சதவீதம் மட்டும். வாய் சொன்னது கைக்கு வரவில்லை. எனவே கட்டிலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து நாலாக மடித்துக் கோடிடுங்கள்: காலை, பகல், பின்னேரம், இரவு. பட்டையைக் கையில் கொடுத்து, “நாளைக்குப் போடுற குளிசையெல்லாம் இதில வச்சுக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். பிரஷருக்கு இரண்டு, சீனிக்கு இரண்டு, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று என்று ஐந்து மருந்து எடுப்பவர் அந்தத் தாளில் எங்கே தடுமாறுகிறார் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எதைக் கேட்பது? மூன்றே மூன்று விஷயம்: இந்த மருந்து எதற்கு, எப்படிப் போடுவது, என்ன நடந்தால் உடனே வருவது. ஒன்றைச் சொல்லி ஒன்றைக் கேளுங்கள். பத்தையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டால் கடைசி இரண்டுதான் வரும். பிழைத்தால் அதே வசனத்தை உரத்த குரலில் திருப்புவது பயனற்றது. சொல்லை மாற்றுங்கள், பொருளைக் காட்டுங்கள். இரண்டு முறைக்குப் பிறகும் வரவில்லையென்றால், வீட்டில் மருந்து கொடுக்கப்போகும் ஆளைக் கூப்பிட்டு அவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் குளிசை டப்பா மருமகளின் பொறுப்பில்தான் இருக்கும். மாமியாருக்கு மட்டும் விளக்கினால் சேதி பாதி வழியில் நின்றுவிடும்.

நம் பேச்சிலேயே கண்ணிவெடியாகக் கிடக்கும் சொற்கள் சில இருக்கின்றன, அவை இந்த முறையில்தான் வெளியே வரும். ‘சீனி’ என்பது வருத்தத்தின் பெயர், கடையில் வாங்கும் பண்டத்தின் பெயரும் அதுவே. “சீனி குறைஞ்சிருக்கு” என்றால் நோயாளிக்கு நல்ல சேதி. இரத்தத்தில் குளுக்கோஸ் விழுந்து வேர்த்து நடுங்கும் நேரத்திலும் “எனக்குச் சீனி கூடாது எண்டு மிஸ் சொன்னவ” என்று சீனித் தண்ணியை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போடுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “இரவு ஒரு மணிக்கு வேர்த்து, கைகால் நடுங்குது. என்ன செய்வீங்க?” மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் திரும்பக் குடித்து, பிறகு பாணோ சோறோ சாப்பிடுவது என்று வர வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழைப்பது என்பதை வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

‘கிழமை’யும் அப்படித்தான். வாரத்துக்கும் கிழமை, நாளுக்கும் கிழமை. மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எடுப்பவரிடம் “கிழமைக்கு ஒருக்கா” என்று சொல்லி விட்டுவிட்டால், நாளாந்தக் குளிசைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. தினமும் போட்டால் எலும்பு மச்சை பாதித்து உயிரே போகும். நாளின் பெயரைச் சொல்லுங்கள். “வெள்ளிக்கிழமை மட்டும், மற்ற ஆறு நாளும் இதைத் தொடுறதில்ல.” பிறகு கேளுங்கள்: “இந்த வெள்ளி போட்டா அடுத்தது எப்ப?” அதோடு கொடுக்கும் போலிக் அமிலத்துக்கு டொக்டர் வேறு நாள் எழுதியிருந்தால் அந்த நாளையும் உறையில் பெரிதாக எழுத வேண்டும்.

செய்துகாட்டல் இன்னும் வலுவானது. மூச்சுமுட்டலுக்கு மருந்தை வாயால் உள்ளே இழுக்கும் கருவிக்கென்று கொடுத்த கூட்டுக் குளிசையை விழுங்கிவிட்டு “மூச்சு குறையவே இல்ல” என்று திரும்பி வருபவர்களின் பிரச்சினையை எந்தத் துண்டுப்பிரசுரமும் கண்டுபிடிக்காது. கருவியைக் கையில் கொடுத்து “இப்ப எடுங்க பாப்பம்” என்றால் பத்து விநாடியில் தெரியும். இன்சுலினுக்கு நாலு இடத்தில் கண் வைக்க வேண்டும். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பத்துத் தரம் உருட்டுகிறாரா? அவர் கையிலுள்ள சிரிஞ்சும் குப்பியும் பொருந்துகின்றனவா? மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ள குப்பிக்கு, 40 அலகுக் குப்பிக்கென்று கோடிட்ட சிரிஞ்சைப் பாவித்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றுகிறாரா? வீட்டில் எங்கே வைப்பார்? குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், வயல் வாடியில் தங்கும் போகக் காலத்திலும், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்ன மூடிய போத்தலில் குப்பியை நனையாமல் வைக்கச் சொல்லலாம். திறந்த குப்பியின் காலம் பெரும்பாலும் 28 நாள், ஆகவே திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுத வேண்டும். ‘குளிரில் வையுங்க’ என்று மொட்டையாகச் சொன்னால் ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறையவிட்டுவிடுவார்கள். உறைந்த இன்சுலின் எறிய வேண்டியதுதான்.

சிங்களம் மட்டும் பேசும் நேர்ஸும் தமிழ் மட்டும் பேசும் நோயாளியும் சந்திக்கும் அம்பாறைச் சூழலில் திருப்பிச் சொல்வது தடுமாறும், செய்துகாட்டல் தடுமாறாது. மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால் வளர்ந்த ஆளாக இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையை வைத்து உம்மாவின் கர்ப்பப்பை வருத்தத்தை விளக்க வைப்பது பிள்ளைக்கும் உம்மாவுக்கும் செய்யும் அநியாயம்.

நேரம்தான் இதற்குச் சொல்லப்படும் பெரிய தடை. மூன்று விஷயத்துக்கு ஒருவருக்கு மூன்று, நாலு நிமிடம் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு அரை மணித்தியாலம். மத்தியானம் 12 மணிக்கு அந்த அரை மணித்தியாலம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் டிக்கெட் வெட்டும் நேரத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு மருந்துச் சுற்றிலும் ஒரு விஷயம். குளிசையைக் கையில் கொடுக்கும்போதே “இது எதுக்கு எண்டு நினைவிருக்கா?” என்று கேட்டால், மூன்று நாள் தங்குபவர் போகுமுன் பல தரம் சொல்லிப் பழகியிருப்பார். இரண்டாம் நாளிலிருந்து இன்சுலினை நோயாளியே போட வேண்டும், நேர்ஸ் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தொலைபேசி

ஐந்தாவது, வட்ஸ்அப் குரல் பதிவும் அழைப்பும். குரல் பதிவு எழுத்தறியாதவருக்கும் எட்டும், வேண்டிய மட்டும் திருப்பிக் கேட்கலாம். ஒரு நிமிடத்துக்குள், ஒரு விஷயம், நம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். குறை என்னவென்றால் போன் பெரும்பாலும் வீட்டுப்போன். மகனின் கைக்கோ, கட்டாரிலிருக்கும் கணவரின் குடும்பக் குழுவுக்கோ போய்ச் சேரலாம். காசநோய், குடும்பக்கட்டுப்பாடு, மனநலம் சம்பந்தப்பட்ட எதையும் கேட்டுச் சம்மதம் பெறாமல் அனுப்பக்கூடாது. குரல் பதிவு கேட்கப்பட்டதா என்று நீலக்குறி காட்டும், விளங்கியதா என்று காட்டாது. அதற்கு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் ஓர் அழைப்பு எடுத்து அதே மூன்று கேள்வியைக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் முடியாது. புதிதாக இன்சுலின் தொடங்கியவர், வோர்ஃபரின் எடுப்பவர், மூச்சுமுட்டலுக்கு அடிக்கடி சேர்க்கப்படுபவர், தனியாக வாழும் முதியவர் ஆகியோருக்கு மட்டுமாவது எடுத்தால் பெறுமதி உண்டு.

எந்த இடத்தில் எது

மருத்துவ வாட்டில் புதிய மருந்தோடு போகும் எல்லாருக்கும் நாலாவது வழி அடிப்படை, உறைப்படம் அதன் துணை. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் தயங்காமல் நாலாவதையே எடுங்கள்.

டெங்குக் காலத்தில், வடகீழ்ப் பருவமழைக்குப் பிறகு, ஓ.பி.டி.யில் கூட்டம் நெரியும். அங்கே மூன்று விஷயம்கூடக் கேட்க முடியாது. ஒன்றைக் கேளுங்கள்: “காய்ச்சல் விட்டா என்ன அர்த்தம்?” ‘சுகமாயிட்டு’ என்பதுதான் வழக்கமாக வரும் பதில், ஆபத்தான பதிலும் அதுவே. இரத்தக்குழாயிலிருந்து திரவம் கசியும் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வயிற்றுநோவு, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இரத்தம் கசிதல் ஆகியவை தாளின் முதல் வரியில் இருக்க வேண்டும். பரசிற்றமோலைத் தவிர இபுபுரூபன், டைக்ளோபெனக் போன்ற நோக்குளிசைகள் வேண்டாம் என்பது இரண்டாம் வரி. இங்கே தாளும் ஒற்றைக் கேள்வியும் சேர்ந்தே போக வேண்டும்.

பிள்ளைகள் வாட்டில் செய்துகாட்டலே முதன்மை. பாணி மருந்தை வீட்டுக் கரண்டியால் அளந்தால் அளவு ஒவ்வொரு வீட்டிலும் மாறும். 5 மி.லீ. சிரிஞ்சைத் தாயிடமே கொடுத்து அவரையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், வேண்டிய அளவில் பேனையால் கோடிட்டு அந்தச் சிரிஞ்சையே கொடுத்துவிடுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பொதியை ஒரு லீற்றர் தண்ணியில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டு ஒரு கோப்பையில் கரைப்பவர்கள் எந்தக் கோப்பையில் கரைக்கிறார்கள் என்று கேட்டால்தான் பிழை தெரியும்.

கிளினிக்கில் நோன்புக்கு ஆறு, எட்டுக் கிழமைக்கு முன்பே ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: “நோன்பு பிடிக்கிற மாதத்தில இந்தக் குளிசைய எப்பிடிப் போடுவீங்க?” கேட்காவிட்டால் பலர் சொல்லமாட்டார்கள். பகல் குளிசையை இரவில் சேர்த்துப் போடுவார்கள், அல்லது இன்சுலினைத் தாமே குறைப்பார்கள். பதில் வந்ததும் டொக்டரிடம் அனுப்பி நேரத்தையும் அளவையும் மாற்றி எழுத நாள் இருக்கும்.

தாதியருக்குப் பழக்குவதிலும் ஒரு தெரிவு இருக்கிறது. மண்டபத்தில் ஒருநாள் விரிவுரை நடத்திச் சான்றிதழ் கொடுப்பது இலகு. அடுத்த நாள் வாட்டில் “விளங்கினதா?” என்பதே திரும்ப ஒலிக்கும். வாட் சிஸ்டரோ அனுபவமுள்ள ஒருவரோ பக்கத்தில் நின்று, கிழமைக்கு இரண்டு தரம், ஒரு நோயாளியோடு நேர்ஸ் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பிறகு தனியே இரண்டு விஷயத்தை மட்டும் சொல்வது நீடித்து நிற்கும்: எந்தச் சொல் விளங்கவில்லை, எந்தக் கேள்விக்கு “ஓம்” என்று பதில் வந்தது. “ஓம்” என்று பதில் வரக்கூடிய கேள்வி எதுவானாலும் மாற்ற வேண்டிய கேள்வி.

பதிவில்லாவிட்டால் கடமை மாறும்போது எல்லாம் கரைந்துபோகும். படுக்கை அட்டையில் ஒரு வரி போதும்: ‘இன்சுலின்: தானே போட்டுக் காட்டினார், சரி. சீனி விழுந்தால் செய்வது: சொல்லவில்லை, இரவு மீண்டும் கேட்கவும். மருமகள் நாளை காலை வருவார்.’ இரவுக் கடமைக்கு வருபவர் அந்த வரியிலிருந்து தொடங்குவார்.